மாடர்ன் தியேட்டர்ஸ் வாசலை நின்ற இடத்திலேயே நிற்க விடுங்கள்

சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், ஏற்காடு ரோட்டைப் பார்த்துக்கொள்கிற நெடுஞ்சாலைத் துறை பொறியாளர்களுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஏற்காடு ரோட்டில் கன்னங்குறிச்சி பக்கம் நிற்கிற, மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வாசல் ஆர்ச்சை யாரும் இடிக்கக் கூடாது, பெயர்த்துக்கொண்டு போய் வேறு இடத்தில் வைக்கக் கூடாது, அழகுபடுத்துகிறோம் என்று டைல்ஸ் ஒட்டி கிரானைட் பதித்து அடையாளமே தெரியாமல் ஆக்கவும் கூடாது. அது நிற்கிற மண் நெடுஞ்சாலைக்குச் சொந்தமா தனியாருக்குச் சொந்தமா என்று 2023-ல் எழுந்த பேச்சு எப்படி வேண்டுமானாலும் முடியட்டும். மண் யாருடையதாக இருந்தாலும் அந்த வாசல்மேல் கை வைக்க முடியாது என்று எழுத்தில் ஒரு உத்தரவு வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல். கூடவே இன்னொன்றும் கேட்கிறேன், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்த வாசலுக்குப் பின்னால் என்ன வேலை நடந்தது என்பதை, சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

ஏற்காட்டுக்குப் போகிற எல்லோரும் அந்த இடத்தைக் கடந்துதான் போகிறோம். அஸ்தம்பட்டி தாண்டி, மலை கண்ணுக்கு நேராக வர ஆரம்பித்த பிறகு, ரோட்டோரம் இரண்டு தூண், மேலே ஒரு வளைவு, அதில் கம்பெனியின் பெயர். மிச்சம் இருப்பது அவ்வளவுதான். உள்ளே எட்டிப் பார்த்தால் வீடுகள். சனி ஞாயிறு என்றால் கார் மேல் கார் போகும், மே மாதம் கோடை விழா சமயத்தில் கேட்கவே வேண்டாம். அடிவாரம் போய் 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடிக்கிற அவசரத்தில் இதைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. பார்க்கிற வெளியூர்க்காரர்களும் ஏதோ பழைய சினிமாக் கொட்டகை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பெயர் அப்படி இருப்பதால் அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் இது படம் காட்டிய இடம் இல்லை, படம் எடுத்த இடம். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கொட்டகையில் திரை விலகினாலும், ஓடப்போகிற படம் இந்த வாசலுக்குள்ளிருந்து வந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

1930-களில் தமிழ்ப் பேசும்படம் எடுப்பது என்றால் நடிகர், வாத்தியக்காரர், சமையல்காரர் வரைக்கும் ரயில் ஏற்றி பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஸ்டுடியோக்கள் அங்கேதான் இருந்தன, சென்னைக்கே 1934-ல்தான் பேசும்பட ஸ்டுடியோ வந்தது. அந்தச் சமயத்தில், திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தில் லீட்ஸ் வரை போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம், ஏஞ்சல் பிலிம்ஸ் என்ற கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து சில படங்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, 1935-ல் சொந்தமாக மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். சென்னைக்குப் போய் இடம் பார்க்கவில்லை. சேர்வராயன் மலை கண்ணுக்குத் தெரிகிற இந்தச் சேலத்திலேயே, படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, படம் கழுவுகிற லேப், எடிட்டிங் எல்லாம் ஒரே வளாகத்துக்குள் இருக்கும்படி ஒரு ஸ்டுடியோ எழுப்பினார். முதல் படம் ‘சதி அகல்யா’, 1937.

அதற்கு அடுத்த வருடம் நடந்ததை நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ 1938 ஜனவரியில் வெளியானது. அதை எடுத்தது மாடர்ன் தியேட்டர்ஸ். ஆலப்பி வின்சென்ட் சுந்தரத்தைத் தேடி வந்து பேசி இந்தப் படத்துக்கு வழி பண்ணினார், எஸ். நொட்டாணி இயக்கினார், முதுகுளம் ராகவன் பிள்ளை வசனம் எழுதினார், கே.கே. அரூரும் எம்.கே. கமலமும் நடித்தார்கள். ஒரு மொழி முதன்முதலாகத் திரையில் வாய் திறந்து பேசியதற்கு ஒரு சேலத்துக் கம்பெனி காரணம் என்றால் அது சாதாரண விஷயமா?

அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும் என்று தனியாகச் சொல்கிறேன். அக்காலத்துப் பிலிம் நைட்ரேட் சேர்த்துச் செய்தது. சட்டென்று தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. தீக்குத் தப்பினாலும் நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் பிசுபிசுத்துக் கடைசியில் பொடியாகிவிடும். படம் ஓடி முடிந்த பிறகு சுருளில் இருக்கிற வெள்ளிக்காக அதைக் கழுவி விற்றவர்களும் உண்டு. இந்தியாவில் பழைய படங்களைப் பாதுகாக்கிற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் வந்ததே 1964-ல். அதற்குள் போனதெல்லாம் போய்விட்டது. ‘பாலன்’ போய்விட்டது, பாட்டுப் புத்தகமும் சில ஸ்டில்களும்தான் மிச்சம். படம் இல்லை, எடுத்த தளம் இல்லை, கழுவிய லேப் இல்லை. நேரில் போய்த் தொட்டுப் பார்க்கிற மாதிரி அந்தக் கம்பெனியில் மிஞ்சியிருப்பது ரோட்டோரம் நிற்கிற அந்த வாசல் மட்டும். அதையும் ரோடு அகலம் பண்ணுகிற கணக்கில் சேர்த்துவிடலாமா?

உள்ளே என்ன நடந்தது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1940-ல் ‘உத்தம புத்திரன்’ எடுத்தார்கள், பி.யு. சின்னப்பா இரட்டை வேடம், தமிழில் இரட்டை வேடத்துக்கு அதுதான் முதல் படம். இன்றைக்கு அது கம்ப்யூட்டரில் நடந்துவிடுகிற வேலை. அப்போது ஒரே ஆளை ஒரே ஃபிரேமில் இரண்டு பக்கமும் நிறுத்துவதற்கு இருந்த வழி என்ன தெரியுமா? லென்ஸின் ஒரு பாதியை மறைத்துவிட்டு, மற்ற பாதியில் அண்ணன் வேடத்தில் நடிக்கவைத்துப் படம் பிடிப்பார்கள். அப்புறம் அதே பிலிமை இருட்டிலேயே பின்னோக்கிச் சுற்றி, ஆரம்பித்த ஃபிரேமுக்கே கொண்டு வந்து நிறுத்தி, மறைப்பை மாற்றிப் போட்டு, தம்பி வேடத்தில் மறுபடியும் நடிக்கவைத்து எடுப்பார்கள். இதற்கிடையே கேமரா மயிரிழைகூட அசையக் கூடாது. விளக்கு கூடக் குறையக் கூடாது. நடிகர், எதிரில் இல்லாத தன்னையே பார்த்து, முதல் தடவை விட்ட இடைவெளியை நினைவில் வைத்துக்கொண்டு பதில் பேச வேண்டும். கையை ஒரு அங்குலம் அதிகம் நீட்டினால் நடுக்கோட்டில் கை அறுந்துபோகும். சரியாக வந்ததா என்று அங்கேயே பார்க்க ஒரு வழியும் கிடையாது, லேப்பில் கழுவி வந்த பிறகுதான் தெரியும். தப்பாகியிருந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சத்தம் இன்னொரு பாடு. ஒலியை ஒளியாக மாற்றி பிலிமிலேயே பதிகிற காலம். தளத்துக்குள் விளக்குச் சூடு ஆளை வறுத்தெடுக்கும், ஆனால் ஃபேன் ஓடினால் அந்த இரைச்சலும் பதிவாகிவிடும், அதனால் ஷாட் முடிகிறவரை நிறுத்தி வைக்க வேண்டும். பின்னணிப் பாட்டு பரவலாவதற்கு முந்தைய படங்களில் நடிகரே பாட, வாத்தியக்காரர்கள் கேமராவுக்குத் தெரியாத மறைவில் உட்கார்ந்து வாசித்தார்கள். ஒருவர் சுருதி விட்டால் எல்லோருக்கும் மறுபடி வேலை. இதையெல்லாம் நம் ஊரில், நம் ஊர் எலெக்ட்ரீஷியனும் தச்சரும் டெய்லரும் மேக்கப்காரரும் சேர்ந்து செய்தார்கள். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, மில்லுக்குப் போகிற மாதிரி காலையில் மணி அடிக்கும் முன் அந்த வாசலுக்குள் போனவர்கள். சுந்தரம் நேரத்தில் கறார் என்று அங்கே வேலை பார்த்த சினிமாக்காரர்கள் எல்லோருமே ஏதாவது ஒரு இடத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

பெரிய பெயர்களை நீங்களே அறிவீர்கள், அதனால் அதில் அதிகம் நிற்கவில்லை. 1950-ல் ‘மந்திரி குமாரி’, குண்டலகேசிக் கதையை ஒட்டிக் கலைஞர் வசனம் எழுதினார், எம்.ஜி.ஆர். நடித்தார், அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்க, அவர் ஊருக்குக் கிளம்பிவிட்டதால் மிச்சத்தை சுந்தரமே முடித்தார். ‘சர்வாதிகாரி’ 1951. ‘வளையாபதி’க்குப் பாவேந்தர் பாரதிதாசன் எழுதினார், 1952. ‘திரும்பிப் பார்’ 1953-ல், கலைஞர் வசனம், சிவாஜி நடிப்பு. கண்ணதாசன் இங்கே கதை இலாகாவில் இருந்தவர். 1956 பொங்கலுக்கு வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ முழு நீளத்துக்கும் வண்ணத்தில் வந்த முதல் தமிழ்ப் படம், எம்.ஜி.ஆரும் பானுமதியும். ஐந்து வருடம் கழித்து மலையாளத்தின் முதல் வண்ணப்படம் ‘கண்டம் பெச்ச கோட்டு’, அதுவும் இதே கம்பெனி. மனோரமா முதன்முதலாகக் கதாநாயகியாக வந்த ‘கொஞ்சும் குமரி’ 1963. அதே 1963 ஆகஸ்ட் மாதம் சுந்தரம் காலமானார். பிறகு மகன் ராமசுந்தரம் நடத்தினார். துப்பறியும் கதைகளும் சண்டைப் படங்களுமாகக் கொஞ்ச காலம் நன்றாகவே ஓடியது. சினிமா மொத்தமும் கோடம்பாக்கத்துக்குப் போய்விட்ட பிறகு, ஒரு ஷூட்டிங்குக்காக எல்லோரும் ரயில் ஏறிச் சேலம் வர வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. 1980-களில் எல்லாம் நின்றது. தளங்கள் போயின, மனைகள் ஆயின. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, தொழில் இல்லாத இடத்தைக் கட்டிக் காக்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். அங்கே செட் போடுகிற தச்சு வேலை பார்த்தவர், தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அரண்மனைத் தூண் எப்படிச் செய்வார்கள் என்று திண்ணையில் உட்கார்ந்து கையால் வரைந்து காட்டுவார். மூங்கில் பிளாச்சை வட்டமாகக் கட்டி, அதன்மேல் சாக்கு சுற்றி, காகிதக் கூழும் பசையும் பூசி, காய்ந்ததும் மேலே சுண்ணாம்பு, அதற்கு மேல் பளிங்கு மாதிரி நரம்பு ஓடப் பெயிண்ட். அந்த நரம்பை வரைய மட்டும் தனியாக ஒரு ஆள், கோழி இறகால் வரைவாராம். “கேமரா பாக்கிற பக்கந்தாண்டா தூணு, பின்னாடி போய்ப் பாத்தா வெறும் குச்சி” என்பார். கேட்கிற பிள்ளைகள் சிரித்தால் கோபம் வந்துவிடும். “சிரிக்காதீங்க, அந்தக் குச்சி சாஞ்சா மேல விளக்கோட நிக்கிற பையன் செத்துருவான், நான் கட்டினது ஒண்ணுகூடச் சாயலை” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவார். படம் முடிந்ததும் தான் கட்டியதைத் தானே பிரித்து, ஆணியைத் தட்டி நிமிர்த்தி அடுத்த செட்டுக்கு எடுத்து வைப்பதும் அவர் வேலை.

அவர் சொன்னதை இப்போது யோசிக்கும்போது ஒன்று புரிகிறது. அந்த வளாகத்துக்குள் கட்டிய கோட்டைகள், அரண்மனைகள், குகைகள், கோயில்கள் எல்லாமே சில வாரங்களில் பிரிப்பதற்காகக் கட்டியவை. நிலைத்து நிற்க வேண்டும் என்று, நான்கு பக்கமும் பார்க்கிற மாதிரி கட்டியதில் மிஞ்சியது இந்த வாசல் ஒன்றுதான். தாத்தா காலமாகிவிட்டார். அவர் சொன்னதை யாரும் பதிவு செய்யவில்லை.

சரி, நிலத்துக்கு வருகிறேன். 2023 கடைசியில் இந்த ஆர்ச் நிற்கிற இடம் நெடுஞ்சாலைக்குச் சேர்ந்ததா தனியாருக்குச் சேர்ந்ததா என்று அளவெடுத்தபோது ஊரே இதைப் பற்றித்தான் பேசியது. கட்சிக்காரர்கள் அறிக்கை விட்டார்கள், டிவியில் வந்தது, கொஞ்ச நாளில் அடுத்த செய்தி வந்து இது அமுங்கிவிட்டது. அதில் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல நான் ஆள் இல்லை, ஆவணங்களைப் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அந்தப் பேச்சு முழுக்க நிலத்தைப் பற்றியும், அங்கே என்ன புதிதாக வைக்கலாம் என்பதைப் பற்றியும்தான் இருந்தது. ஏற்கெனவே நிற்கிற கட்டடம் என்ன நிலையில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அரசுக்குச் சொந்தம் என்று முடிவானால் நாளைக்கு ஒரு அதிகாரி ரோட்டை அகலப்படுத்த எடுத்துவிடலாம். தனியாருக்குச் சொந்தம் என்று முடிவானால் நாளைக்கு ஒரு வாரிசு விற்றுவிடலாம், வாங்கியவர் அங்கே கடை கட்டலாம். இரண்டு வழியிலும் வாசலுக்குப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் சொந்தம் யாருக்கு என்பதிலிருந்து இதைப் பிரித்து வைக்கச் சொல்கிறேன்.

சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். மத்திய அரசின் 1958-ஆம் வருடத் தொல்லியல் சட்டத்தில் 100 வருடக் கணக்கு இருக்கிறது, 1930-களில் தொடங்கிய ஸ்டுடியோவின் வாசல் அதற்குள் வராது, அது எனக்கும் தெரியும். ஆனால் 2012-ல் நம் சட்டமன்றமே தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியிருக்கிறது. தொன்மைச் சின்னங்களின் கணக்கில் வராவிட்டாலும் வரலாற்று மதிப்பு உள்ள கட்டடங்களைப் பட்டியல் எடுத்துக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டம். மாவட்ட நிர்வாகம் இந்த வாசலைப் பற்றி ஒரு முழுமையான குறிப்பு தயார் பண்ணி, வரைபடம், புகைப்படம், அளவுகள் எல்லாம் சேர்த்து, பட்டியலில் வையுங்கள் என்று சென்னைக்கு எழுதலாம். அதற்கு நிலத் தகராறு முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

மற்ற ஊர்களில் என்ன ஆனது என்று பாருங்கள். சென்னையில் ஜெமினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் இன்று ஸ்டுடியோவின் ஒரு செங்கல்கூடக் கிடையாது, 1973-ல் திறந்த அண்ணா மேம்பாலத்தை மக்கள் ஜெமினி பாலம் என்று கூப்பிடுவதால் பெயர் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பக்ஷிராஜாவும் ஸ்டுடியோவாக இல்லை. மதுரையில் 1952-ல் திறந்த தங்கம் தியேட்டர், ஆசியாவிலேயே பெரிது என்று மதுரைக்காரர்கள் மார்தட்டிக்கொண்ட அரங்கு, அதையும் இடித்தாகிவிட்டது, இப்போது அங்கே ஜவுளிக்கடை. நம் ஊரிலும் ஒற்றைத் திரைக் கொட்டகைகள் ஒவ்வொன்றாகக் கல்யாண மண்டபமும் குடோனுமாக மாறியதை எல்லோரும் கண்ணெதிரே பார்த்தோம்.

இதற்கு நடுவில் நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது, அதுவும் ஒரு அரசுத் துறை செய்தது. சென்னை அண்ணா சாலையில் 1913-ல் வார்விக் மேஜர் என்பவர் எலெக்ட்ரிக் தியேட்டர் என்று ஒரு சினிமா அரங்கு கட்டினார். படம் காட்டுவதற்கென்றே கட்டிய, தென்னிந்தியாவின் ஆரம்பகால அரங்குகளில் அது ஒன்று. இரண்டே வருடத்தில் மூடிவிட்டார்கள். 1915-ல் அஞ்சல் துறை அந்த இடத்தை வாங்கியது. சினிமாவுக்கும் அஞ்சல் துறைக்கும் என்ன சம்பந்தம், இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் எழுப்பியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இடிக்கவில்லை. அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்துக்குள் அந்த ஓட்டுக் கட்டடம் தபால்தலை மையமாக இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது. தபால்தலை வாங்கப் போகிறவர் நூறு வருடம் முன்பு ஜனங்கள் ஊமைப்படம் பார்த்த அரங்குக்குள் நிற்கிறார். அதைக் காப்பாற்ற அந்தத் துறை பெரிதாக எதுவும் செய்யவில்லை, இடிக்காமல் இருந்தார்கள், ஒழுகினால் பார்த்துக்கொண்டார்கள். உங்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான்.

பழுது பார்ப்பது பற்றிப் பொறியாளர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, இருந்தாலும் ஒப்பந்தக்காரர் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று தெரிந்ததால் சொல்கிறேன். முதலில் அந்த வளைவு எதனால் கட்டியது என்று தட்டிப் பார்த்து, சின்னதாக மாதிரி எடுத்துச் சோதித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், பழைய கட்டட வேலை தெரிந்தவராக. கம்பி கட்டிய கான்கிரீட் என்றால், மழைத் தண்ணீர் வெடிப்பு வழியே இறங்கி உள்ளே கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி பருத்து மேலே இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கும். அந்த இடத்தில் துருவைச் சுத்தம் பண்ணாமல் மேலாக்கில் சிமென்ட் பூசினால் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே அரிப்பு நிற்காது, நாலு மழையில் பெரிய துண்டாகக் கழன்று விழும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் என்றால் அதற்கு நேர் எதிர்ப் பிரச்சனை. சுண்ணாம்புச் சுவர் உள்வாங்கிய ஈரத்தை வெளியே விடும், அதன்மேல் சிமென்ட்டும் பிளாஸ்டிக் பெயிண்ட்டும் அடித்து மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிக் காரையைப் பொடியாக்கிவிடும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. பார்க்காமல் மருந்து கொடுக்காதீர்கள்.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள், ஆனால் நாசம் பண்ணுவது இவைதான். தூணில் ஆணி அடித்து ஃபிளெக்ஸ் கட்டுவதைத் தடை பண்ணுங்கள், யார் பிறந்தநாளாக இருந்தாலும் சரி, எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. கேபிள் ஒயர்களுக்கு அதைத் தாங்கு கம்பமாக ஆக்க விடாதீர்கள். வெடிப்பில் அரசங்கன்று முளைத்தால் வேர் பருப்பதற்குள் எடுக்க வேண்டும். ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு மட்டத்தை உயர்த்திக்கொண்டே போனால் தூணின் அடி புதைந்து மழைத் தண்ணீர் அங்கேயே தேங்கும், இது சேலத்தில் எத்தனை வீட்டு வாசலுக்கு நடந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். லாரியும் பஸ்ஸும் உரசாத தூரத்தில் தடுப்புக் கல் நடுங்கள். வர்ணம் அடிக்கும்போது பழைய பூச்சைக் கவனமாகச் சுரண்டி, அடியில் இருந்த நிறம் எது என்று பார்த்து அதையே அடியுங்கள். வளைவில் இருக்கிற எழுத்துகளை ‘புதுசாக’ மாற்றாதீர்கள். ராத்திரியில் கலர் மாறுகிற லைட் போடுகிற யோசனை யாருக்காவது வந்தால் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள். தமிழில், மலையாளத்தில், ஆங்கிலத்தில். மலையாளத்தில் ஏன் என்றால் ‘பாலன்’ காரணமாக, கேரளத்திலிருந்து ஏற்காடு வருகிற வண்டிகள் கொஞ்சநஞ்சம் இல்லை, தங்கள் மொழியின் முதல் பேசும்படத்தை எடுத்த கம்பெனியின் வாசலை, அது என்னவென்றே தெரியாமல் கடந்து போகிறார்கள். அந்தப் பலகையில் முதலமைச்சர்கள் பெயரும் நட்சத்திரங்கள் பெயரும் இருக்கட்டும், இருக்க வேண்டும். அதோடு அங்கே வேலை பார்த்த தச்சர், டெய்லர், லைட்பாய், லேப்காரர், வாத்தியக்காரர், குரூப் டான்ஸ் ஆடிய பெண்கள், குதிரைக்காரர் எல்லோரையும் பற்றி நாலு வரி இருக்க வேண்டும். இவர்கள் இல்லாமல் ஒரு படமும் முடிந்திருக்காது.

இப்போது நான் முதலில் சொன்ன இரண்டாவது விஷயம். அங்கே இளம் வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் இன்று இருப்பவர்கள் எழுபது, எண்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். இன்னும் பத்து வருடம் கழித்துக் கேட்கலாம் என்று இருக்க முடியாது. அஸ்தம்பட்டி, கன்னங்குறிச்சி, கோரிமேடு, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை என்று ஊர் முழுக்க அவர்கள் குடும்பங்கள் இருக்கின்றன. பரண் மேல் டிரங்குப் பெட்டியில் சம்பளச் சீட்டு இருக்கலாம், கம்பெனி முத்திரை போட்ட கடிதம் இருக்கலாம், செட்டில் எடுத்த குரூப் போட்டோ, பாட்டுப் புத்தகம், ஒரு பழைய அளவு நாடா, என்னவாவது இருக்கும். வீடு மாற்றும்போது இதெல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போகிறது. நம் ஊரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, கல்லூரிகளில் தமிழ்த் துறை இருக்கிறது, வரலாற்றுத் துறை இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்தால் போதும், மாணவர்கள் போன் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பேசவைத்துப் பதிவு பண்ணிவிடுவார்கள். பொருள்களைப் பிடுங்க வேண்டாம், ஸ்கேன் எடுத்துவிட்டு அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். யார், எந்த வருடம், என்ன வேலை என்று எழுதி அருங்காட்சியகத்தில் ஒரு அறையில் வையுங்கள். கோடிக்கணக்கில் செலவாகிற காரியம் இல்லை இது.

நிலத்துக்கு உரிமை கொண்டாடுகிற குடும்பத்தாரையும் இந்தப் பேச்சில் மரியாதையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வாசல் இத்தனை வருடம் நின்றதில் அவர்கள் பங்கும் இருக்கிறது. மிரட்டலாகவோ அவசரமாகவோ எதையும் செய்யாமல், உட்கார்ந்து பேசினால் வழி கிடைக்கும். வாசலைப் பராமரிக்கும் பொறுப்பு யாருக்கு, செலவு யாருக்கு, இடிக்கும் உரிமை யாருக்கும் இல்லை, இந்த மூன்றையும் ஒரு ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் அப்புறம் அளவுக்கல் எந்தப் பக்கம் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

ஏற்காடு ரோட்டில் நெரிசல் இருக்கிறது, அகலப்படுத்தத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த நெரிசலில் தினமும் நிற்கிறவர்களில் நானும் ஒருவன். அதற்காகக் கேட்பது ஒன்றே ஒன்று: அடுத்து அந்தச் சாலைக்கு வரைபடம் போட உட்காரும்போது, முதலில் அந்த இரண்டு தூண்களையும் தாளில் குறித்துவிட்டு, அதற்குப் பிறகு ரோட்டின் கோட்டை இழுங்கள்.

அன்புடன்,
சேலத்துக்காரன் ஒருவன்